உண்டியலும் பாஸ் ஆகாத பில்லும்

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் நடத்தும் நண்பருக்கு நாலு மாசமா ஒரு பில் பாஸ் ஆகலை. ஊழியர் சம்பளத்துக்கு வீட்டு நகை அடகுக்குப் போனது.

அந்தக் கால வணிகர்களிடம் இதற்கு உண்டியல் இருந்தது. கோயில் உண்டியல் இல்லைங்க; இன்ன தேதியில் இவ்வளவு தொகை கொடு என்று எழுதிய சீட்டு. நகரத்தார் லேவாதேவியில் காரைக்குடி முதல் ரங்கூன் வரை புழங்கியது. தவணைக்கு முன்பே, கொஞ்சம் கழித்துக்கொண்டு காசு தருவார்கள். கொடுக்க வேண்டியவர் கைவிரித்தால், விற்றவர் தலையில்தான் விழும்.

இன்று இதன் வாரிசு ஃபேக்டரிங். ரிசர்வ் வங்கி அனுமதியுடன் 2017 முதல் நடக்கும் ட்ரெட்ஸ் தளங்களில், சிறுதொழில் பில்களை வங்கிகள் ஏலம் கேட்டு வாங்குகின்றன. பணம் வராவிட்டாலும் விற்றவரைக் கேட்க முடியாது. முக்கிய நிபந்தனை: வேலை வாங்கியவர் பில்லை முதலில் ஒப்புக்கொள்ளணும்.

நண்பர் மாட்டியிருப்பதே அங்கேதான்.