நஞ்சறு கல்லும் மயிர்த்திரளும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் யானையும் குதிரையும் ஏற்றி ஊர்காவற்றுறைக்கு வந்த மரக்கலங்களைப் பற்றிக் கூறுகின்றது. இவ்வாறு பிறநாட்டு வணிகர் நாடிவந்த தீவுப்பகுதியிலிருந்து பிற்காலத்தில் மேனாட்டார் விரும்பிக் கொண்ட பொருள்களுள் ஒன்று, ஆட்டின் இரைப்பையில் விளைந்த கல்லாகும்.

அதனைப் பெசோவார் என்பர். நஞ்சினை மாற்றுவது என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லின் திரிபு அது. போர்த்துக்கேய மருத்துவரான கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில், குமரிமுனைக்கு அப்பாலுள்ள பசுத்தீவிலே கப்பற்படையினர் ஊனுக்காகக் கொன்ற ஆடுகளின் வயிற்றில் இக்கற்கள் காணப்பட்டன என்று எழுதினார். பசுத்தீவு என்பது நயினாதீவுக்குத் தென்மேற்கே கிடக்கும் நெடுந்தீவே என்பர் அறிஞர். மெல்லிய துரும்பொன்றைச் சூழ்ந்து, வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக அக்கல் வளரும் என்பதும் ஓர்த்தாவின் கூற்று.

மன்னர்கள் பொன்விலை கொடுத்துப் போற்றிய இம்மருந்தினைப் பிரான்சிய அறுவை மருத்துவர் அம்புறோயிசு பாரே நம்பினாரல்லர். 9ஆம் சார்லசு மன்னன் காலத்தில், வெள்ளிப் பாத்திரம் திருடி மரணதண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவன் நஞ்சையும் கல்லையும் உண்ண உடன்பட்டான். கல் அவனைக் காக்கவில்லை. சில மணிநேரத்தில் பெருந்துன்பமுற்று இறந்தான்.

விலங்கின் வயிற்றில் மருந்தாகத் தேடப்பட்டது, மனிதர் வயிற்றில் நோயாகக் கண்டறியப்பட்டது. 1779இல் பிரான்சிய மருத்துவர் போதமான் இரைப்பையில் திரண்ட மயிர்க்கட்டியை விவரித்தார். 1883இல் செருமானிய அறுவை மருத்துவர் சோன்போர்ண் அத்தகைய கட்டியை இரைப்பையைத் திறந்து அகற்றினார்.

விழுங்கிய மயிர் செரிப்பதில்லை. வழுவழுப்பாதலால் எளிதில் குடலுக்கும் இறங்குவதில்லை. உணவும் சளியும் சேர, இரைப்பையின் வடிவிலேயே கருந்திரளாய் இறுகும். பெரும்பாலும் இளம்பெண்களிடமே காணப்படும் இந்நோயில், சிறிதுண்டதும் வயிறு நிறைதல், வாந்தி, மெலிவு, சோகை, மேல்வயிற்றில் கட்டி ஆகியன தோன்றும். தலையில் ஆங்காங்கே மயிர் குறைந்திருத்தலும் குறிப்புணர்த்தும். கதிர்ப்படமும் உட்காண் குழாயும் நோயைத் துணிய உதவும். சிறு திரளைக் குழாய்வழி எடுக்க முயலலாம். பெருந்திரளுக்கு அறுவையே ஏற்றது.

எனினும், கட்டியை அகற்றுதல் பாதி மருத்துவமே. மயிரைப் பறித்து உண்ணுதல் மனத்துயரோடு தொடர்புடைய பழக்கம். நாணத்தால் பிள்ளை அதனை மறைப்பாள். பழிக்கு அஞ்சிப் பெற்றோரும் மறைப்பதுண்டு. அதனை வினவாது விட்டால் கட்டி மீளவும் உண்டாகலாம். 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்ட மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் கிறீன், மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. நோயாளியின் மொழியிற் பரிவோடு கேட்கும் வினாவே இந்நோயின் மூலத்தை வெளிப்படுத்தும். ஆட்டு வயிற்றுக் கல்லின் உள்ளே துரும்பைக் கண்டார் ஓர்த்தா; மனிதர் வயிற்றுத் திரளின் உள்ளே துயரைக் காண்பது மருத்துவரின் கடமையும் வீட்டாரின் கடமையுமாம்.