ஹூக்ளியில் ஏறிய கடல்

சிவப்பூர்த் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தைக் காணாத தமிழ்க் குடும்பம் கல்கத்தாவில் இராது. கட்டுச்சோறும் கூஜாவுமாகப் படகேறி அக்கரை சென்று, அம்மரத்தைச் சுற்றி வந்து, நிழலில் அமர்ந்து உண்டு திரும்புவது நம் குடும்பங்களில் பல தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். மரத்தைச் சுற்றி வரும் குழந்தைகள் கேட்கும் முதற் கேள்வி, இதில் தாய்மரம் எது என்பதே. தாய்மரம் இன்று இல்லை. 1864-ஆம் ஆண்டிலும் 1867-ஆம் ஆண்டிலும் வீசிய இரு பெரும் புயல்களில் கிளைகள் முறிந்தன. முறிந்த இடத்தில் காளான் பற்றி அடிமரம் உளுத்தது. 1925-ஆம் ஆண்டில் அதனை வெட்டி அகற்றினர். இன்று தோப்பெனத் தோன்றுவன யாவும் விழுதுகளே.

அவ்விரு புயல்களுள் முதலாவதன் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம். நாம் குடியிருக்கும் நகரின் வரலாறு என்பது ஒரு காரணம். புயல் வருமுன் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் தோன்றியதற்கு அதுவே வித்து என்பது மற்றொரு காரணம்.

1864-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள், புதன்கிழமை. வங்கக் கடலில் உருவாகி வடக்கு நோக்கி வந்த புயல், முற்பகலில் ஹூக்ளியின் கழிமுகத்துக்கு மேற்கே, காந்தி எனப்படும் ஊரை ஒட்டிக் கரை ஏறிற்று. அதன் நடுப்பகுதி கல்கத்தாவுக்கு மேற்காகக் கடந்து வடக்கே சென்றது. இதனைக் கேட்போர், நகரம் தப்பியது போலும் என எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. நம் பாதிக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வது. ஆதலின் புயல் வடக்கு நோக்கிச் செல்லும்போது, அதன் கிழக்குப் பக்கத்தில் காற்று தெற்கிலிருந்து வீசிக் கடல்நீரைக் கரையின்மேல் தள்ளும். ஹூக்ளியின் வாயும் கல்கத்தாவும் அந்தக் கிழக்குப் பக்கத்திலேயே அகப்பட்டுக்கொண்டன.

வங்கக் கடலின் தலைப்பகுதி புனல் போலக் குவிந்தது, ஆழமும் குறைந்தது. ஆழ்ந்த கடலில் காற்றினால் தள்ளப்படும் நீர் அடியில் ஓடிப் பரவ இடம் உண்டு. ஆழமற்ற இடத்தில் அதற்குப் போக்கிடம் மேலே மட்டுமே. அவ்வாறு எழுந்த நீர் கழிமுகத்துள் புகுந்தால், இரு கரைகளும் நெருங்க நெருங்க இன்னும் உயரும். ஓதம் ஏறும் நேரமும் உடன் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. அன்று கடல், ஆற்றின் வழியே உள்நாட்டுக்குள் நடந்து வந்தது.

கல்கத்தாத் துறையில் அன்று 195 கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. சேதமின்றித் தப்பியவை 23 மட்டுமே. சங்கிலிகள் அறுந்து, ஒன்றையொன்று மோதிச் சிதைந்து, பல கலங்கள் கரைமேல் ஏறிக் கிடந்தன. சிவப்பூர்த் தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன.

ஆயினும் பேரழிவு நகரில் நிகழவில்லை. தெற்கே, கழிமுகத்தின் இருகரைச் சிற்றூர்களில் நிகழ்ந்தது. மகர சங்கராந்திக்கு நம்மவர் பலர் நீராடச் செல்லும் சாகர் தீவையே எடுத்துக்கொள்வோம். அங்கே அப்போது வாழ்ந்தவர் ஐயாயிரத்துக்கும் சற்று மிகுதியானோர். புயலுக்குப்பின் எஞ்சியவர் ஏறத்தாழ 1,500 பேர். மேற்குக் கரையில் ஹிஜிலி, கெஜுரிப் பகுதிகளில் மண்கரைகளை உடைத்து நீர் புகுந்தது. மூங்கிலாலும் களிமண்ணாலும் ஆன வீடுகளில் ஏறி நிற்க உயரமான இடம் ஏது? கூரை மிதந்தால் அதனைப் பற்றினோர் பிழைத்தனர். நீர் வடிந்தபின் வேறொரு துன்பம் தொடங்கிற்று. குளங்களில் உப்புநீர் நிறைந்து, பிணங்களும் கால்நடைகளும் அழுகிக் கிடந்தன. குடிக்க நீரில்லை, வாந்திபேதி பரவிற்று. உப்பேறிய வயல்களில் நெல் விளையவில்லை. மாண்டோர் தொகை ஐம்பதாயிரத்துக்குக் குறையாது என்பர். அறுபதாயிரம் என்றும் எழுதுவர்.

இப்புயலைக் குறித்து காஸ்ட்ரெல், பிளான்போர்டு என்னும் இருவர் அரசுக்கு எழுதிய விரிவான அறிக்கை 1866-ஆம் ஆண்டில் வெளிவந்தது. துறையில் நின்ற கப்பல்கள் பெயரோடு அறியப்பட்டவை. சொந்தக்காரர், காப்பீடு, சரக்கின் மதிப்பு என ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. சாகர் தீவில் மூழ்கிய உழவர்க்கோ எண்ணிக்கை மட்டுமே. அவ்வெண்ணும் உத்தேசமானது. அக்காலத்து ஆட்சியின் கண் எங்கே நிலைத்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இதில் நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. கல்கத்தாவிலிருந்து டயமண்டு துறைமுகம் வழியாகக் கெஜுரி வரையில் தந்திக் கம்பி 1850-களின் தொடக்கத்திலேயே போடப்பட்டிருந்தது. இந்தியாவின் முதல் தந்திப் பாதைகளுள் அது ஒன்று. அக்கம்பி கப்பல் வருவதைச் சொல்லிற்று. புயல் வருவதைச் சொல்லும் முறையோ, சொல்லும் பொறுப்புடையாரோ அன்று இல்லை.

புயலைப் பற்றிய அறிவு இல்லாமையால் அந்நிலை ஏற்பட்டதா எனின், அதுவும் இல்லை. உலகிலேயே அவ்வறிவு மிகுந்திருந்த நகரங்களுள் ஒன்றாகக் கல்கத்தா அப்போது விளங்கிற்று. அதற்குக் காரணமானவர் ஹென்றி பிடிங்டன் என்பார். மாலுமியாக இருந்து, பின்னர்க் கல்கத்தாவில் நிலையாகத் தங்கியவர்; கப்பல் விபத்துகளை ஆராயும் நீதிமன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். சேதமுற்று வந்த கப்பல்களின் நாட்குறிப்புகளை வாங்கி, எந்த நாழிகையில் எந்தத் திசைக் காற்று என்பதை ஒப்பிட்டு ஒப்பிட்டு, 1839-ஆம் ஆண்டு முதல் ஆசியச் சங்கத்தின் இதழில் ஒவ்வொரு புயலுக்கும் ஒரு கட்டுரையாக எழுதி வந்தார். நம் சென்னைக் கடற்கரையைத் தாக்கிய புயல்களும் அவற்றுள் இடம்பெற்றன. கோதாவரி முகத்துக் கோரிங்கா என்னும் துறைமுகத்தை 1789-ஆம் ஆண்டில் மூன்று பேரலைகள் விழுங்கிய செய்தியையும் அவர் பதிவு செய்துள்ளார்.

‘சைக்ளோன்’ என்னும் சொல்லை ஆக்கியவரும் இவரே. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை அமைத்தார். மாலுமிகளுக்கென 1848-ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட கைந்நூலோடு, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இரண்டு தரப்பட்டன. அவற்றில் சுழற்காற்றின் திசைகள் வரையப்பட்டிருக்கும். மீகாமன் தன் கடற்படத்தின்மேல் தகட்டை வைத்து, தன் கப்பலில் வீசும் காற்றின் திசைக்கு ஏற்ப நகர்த்தினால், புயலின் நடு எங்கே உள்ளது என்பது புலப்படும். எளிய கருவிதான், எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்!

சொல்லைப் பற்றிப் பேசும்போது ஒன்று கூறவேண்டும். சங்க நூல்களில் ‘புயல்’ என்பது பெரும்பாலும் மேகத்தையும் மழையையும் குறித்து வருவது. கொடுங்காற்றுக்கு அது பெயரானது பிற்கால வழக்கு. மழை தருவதும் உயிர் கொள்வதும் ஒன்றே என்பதை நம் கடற்கரை மக்கள் கண்டு அப்பெயரை இட்டனர் போலும். தமிழ்ப் புலவர் இதனை ஆராய்தல் நன்று.

பிடிங்டனிடம் திரும்புவோம். ஹூக்ளியில் மணல் மேடிடுகிறதென அஞ்சி, மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் அமைக்க அரசு எண்ணியது. 1853-ஆம் ஆண்டில் பிடிங்டன், தலைமை ஆளுநர் டல்ஹௌசிப் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். அவ்விடம் திறந்த கடலுக்கு நேரே உள்ளது. காற்று மட்டுமன்றிக் கடலே எழுந்து வந்து அவ்வூரை மூழ்கடிக்கும் நாள் ஒன்று வந்தே தீரும் என்பது அதன் சாரம். எவரும் பொருட்படுத்தவில்லை. 1858-ஆம் ஆண்டில் பிடிங்டன் மறைந்தார். சியால்தாவிலிருந்து இருப்புப்பாதை போடப்பட்டது; கப்பல் மேடைகள் எழுந்தன; கானிங் பிரபுவின் பெயரும் இடப்பட்டது. 1867-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் புயல் வந்தது. ஏறத்தாழ ஆறடி உயரக் கடல்நீர் ஊருக்குள் புகுந்தது. சில ஆண்டுகளில் துறைமுகத்தைக் கைவிட்டனர். இருப்புப்பாதை மட்டும் எஞ்சிற்று. நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களுள் பலர் விடியலில் கானிங் வண்டியில் வந்திறங்குவோரே.

1864-ஆம் ஆண்டுக்கு மீண்டும் வருவோம். கல்கத்தாவின் கண்ணீர் உலர்வதற்குள், நவம்பர் முதல் நாள் இரவில், அன்றைய சென்னை இராசதானியைச் சேர்ந்த மசூலிப்பட்டினத்தை மற்றொரு புயல் தாக்கிற்று. மாண்டோர் ஏறத்தாழ முப்பதாயிரவர். ஒரே பருவத்தில் இரு துறைமுகங்கள் அழிந்தபின் அரசு விழித்தது. 1865-ஆம் ஆண்டில் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயலறிவிப்பு ஏற்பாடு செய்தனர். அடுத்த ஆண்டு ஒரிசாவில் பெரும் பஞ்சம். மழையையும் காற்றையும் நாடு முழுவதற்குமாக ஒருங்கே கவனிக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறை கல்கத்தாவில் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர், முன்னர்க் குறிப்பிட்ட அறிக்கையை எழுதியவருள் ஒருவராகிய பிளான்போர்டே. தலைமையகம் 1905-இல் சிம்லாவுக்கும் 1928-இல் பூனாவுக்கும் பின்னர் டெல்லிக்கும் பெயர்ந்தது. அலிப்பூர் அலுவலகம் இன்றும் நம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

துறை நிறுவிய மறு ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. 1876-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் இரவு மேக்னா ஆற்று முகத்தில், பாக்கர்கஞ்சு மாவட்டத்தில், கடல் ஏறி ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் கொண்டுபோயிற்று. ஏறத்தாழ அத்தனை பேர் பின்னர் நோயால் மாண்டனர். கப்பலுக்குச் சொல்ல வழி கண்ட அரசு, குடிசைக்குச் சொல்ல வழி காணவில்லை.

துறைமுகங்களில் ஏற்றும் அறிவிப்பை நம் மக்கள் ‘கூண்டு’ என்பர். கூம்பாகவும் உருளையாகவும் சட்டங்களைக் கட்டிக் கொடிமரத்தில் பகலில் ஏற்றுவர், இரவில் விளக்குகள். கடலூர், நாகப்பட்டினத்தார்க்கு இதனை விளக்க வேண்டா. ஒன்று, இரண்டு என்றால் தொலைவில். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பேரபாயம். பதினொன்று என ஓர் எண்ணும் உண்டு. பத்தினும் கொடிய புயல் என அதனைக் கொள்வார் உளர், அது பிழை. வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அற்றுப்போயிற்று என்பது அதன் பொருள்.

மசூலிப்பட்டினம் அழிந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி நூற்றுக்கும் மேற்பட்டாரோடு கடலில் அமிழ்ந்தது. பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்னும் பொறியாளர் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டனர். ஊரை எவராலும் செப்பனிட இயலவில்லை. 1970-ஆம் ஆண்டு நவம்பரில் போலாத் தீவைச் சூழ்ந்த கரையில் மூன்று லட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர். 1999-ஆம் ஆண்டு ஒடிசாவில் ஏறத்தாழப் பத்தாயிரவர்.

அதன்பின் ஒரு மாறுதல் தெரிகிறது. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் அதே ஒடிசாவை ‘பைலின்’ தாக்குமுன் ஏறத்தாழப் பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தினர்; இறந்தோர் தொகை ஐம்பதை எட்டவில்லை. செயற்கைக்கோள் கண்டு சொன்னதால் மட்டும் இது நிகழவில்லை. ஊர்தோறும் காங்கிரீட்டுப் புகலிடம் கட்டி, வீடுதோறும் சென்று அழைத்துவரத் தொண்டர்களைப் பழக்கியதால் நிகழ்ந்தது. 1864-இல் கெஜுரியில் கம்பி இருந்தும் இல்லாதது அதுதான்.

2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் ‘ஆம்பன்’ வந்ததை நாம் அனைவரும் கண்டோம். கல்கத்தாவில் ஒரே நாளில் 230 மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை கொட்டிற்று. கல்லூரித் தெருவில் புத்தகங்கள் மிதந்தன. நம் காலனிகளில் விளக்கும் குழாய் நீரும் இன்றிப் பல நாட்கள் கழிந்தன. சிவப்பூர் ஆலமரமும் விழுதுகள் சிலவற்றை இழந்தது. மேற்கு வங்கத்தில் இறந்தோர் ஏறத்தாழ நூற்றுவர். 1864-ஆம் ஆண்டின் எண்ணை அதன் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் இடைப்பட்ட 156 ஆண்டுகளில் நடந்த வேலை விளங்கும்.

வேலை முடிந்துவிடவில்லை. 2021-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் ‘யாஸ்’ புயல் கரை கடந்தது நெடுந்தொலைவில், ஒடிசாவின் பாலேசுவரத்துக்குத் தெற்கே. அன்று பௌர்ணமி. ஓதம் பெருகி மண்கரைகள் உடைந்து, சாகர் தீவின் ஊர்களுள் கடல் மீண்டும் புகுந்தது. 1864-இல் ஐயாயிரவர் வாழ்ந்த அத்தீவில், 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.