முகப்பரு கேப்ஸ்யூல்: மருந்தாளுநரின் பொறுப்பும் நம் கவனமும்

கல்யாண நாள் நெருங்கும்போது, மணப்பெண்ணின் முகப்பருவை எப்படியாவது போக்கிவிட வேண்டும் என்று நம் வீடுகளில் அவசரப்படுகிறோம். தெரிந்தவர் சாப்பிட்ட கேப்ஸ்யூலின் அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் கேட்கிறோம். அது 'ஐசோட்ரெட்டினோயின்' என்றால், நாம் நின்று யோசிக்க வேண்டும்.

என்ன மருந்து இது?

வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறு மருந்துகளுக்கு அடங்காத, தழும்பு விழும் கடுமையான பருவுக்கு மட்டுமே உரியது. வழக்கமாக 4 முதல் 6 மாதம் வரை சாப்பிட வேண்டும்.

என்ன ஆபத்து?

கர்ப்பிணி சில நாட்கள் சாப்பிட்டாலே கருவின் மூளை, இதயம், காது, முகம் பாதிக்கப்படலாம்; கருச்சிதைவும் நேரலாம். மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. எனவே, கல்யாணத் தேதியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மருந்தாளுநர் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் 2006 முதல், தனிப் பதிவுத் திட்டத்தில் அனுமதி வந்த பிறகே மருந்துக்கடைகள் இதைக் கொடுக்கின்றன. ஒரு தடவைக்கு 30 நாள் அளவுதான். இந்தியாவில் அப்படி ஒரு பதிவு முறை இல்லை. இங்கு இது 'எச்' அட்டவணை மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கடைசிக் காவல் மருந்தாளுநர்தான். அவர்,

- சீட்டில் உள்ள பெயர், அளவு, நாட்களைச் சரிபார்க்க வேண்டும்.
- கர்ப்பப் பரிசோதனை, ஈரல், கொழுப்புப் பரிசோதனைகள் பற்றிக் கேட்க வேண்டும்.
- டெட்ராசைக்ளின் வகை மருந்தோ வைட்டமின் ஏ மாத்திரையோ கூடவே சாப்பிடுகிறாரா என்று விசாரிக்க வேண்டும்.
- உதடு வறட்சி சகஜம். கடும் தலைவலி, பார்வை மங்கல், மனச்சோர்வு வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கேட்பவர் நம் அந்தரங்கத்தில் தலையிடவில்லை; நம் பிள்ளையைக் காக்கிறார். கூச்சமாக இருந்தால் தனியே பேசக் கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

உவரி போன்ற கடற்கரை ஊர்களில் இருந்து தோல் மருத்துவரைப் பார்க்க வெளியூர் போவது அலைச்சல்தான். ஆனாலும் பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. ஒருவரின் மருந்தை அக்கா, தங்கை பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ஆணோ பெண்ணோ இரத்த தானம் செய்யக் கூடாது.

மருந்து சாப்பிடும்போது மாதவிலக்கு தள்ளிப்போனால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.