பேச்சில் மடிந்து ஏட்டில் வாழும் வினை

மொழிகள் பிறக்கின்றன, வளர்கின்றன, சில வேளைகளில் மடிந்தும் போகின்றன. இதனை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் நன்கு உயிர்வாழும் ஒரு மொழிக்குள்ளேயே ஒரு வினைவடிவம் மெல்ல மடிவதும், மடிந்த பின்னரும் ஏடுகளில் சிறப்போடு வீற்றிருப்பதும் பலர் எண்ணிப் பாராத செய்தி. பிரெஞ்சு மொழியில் அத்தகைய வடிவம் ஒன்று உண்டு. அதன் வரலாறு இலக்கண நூலோடு முடிந்துவிடுவதன்று. அரசவை, சமையலறை, பள்ளிக்கூடம், அமைச்சர் அலுவலகம் ஆகியவற்றின் வழியாகவும் அது நடந்து வந்திருக்கிறது. மொழி யாருக்கு உரியது என்னும் வினாவையும் அது நம்முன் வைக்கிறது.

வினையின் பாங்கு

ஒரு செயலை நடந்ததாகவோ நடப்பதாகவோ உரைப்பது ஒரு வகை. அச்செயலை விரும்புவதாக, அஞ்சுவதாக, ஐயுறுவதாக உள்ளத்தில் வைத்து உரைப்பது வேறொரு வகை. தமிழில் ‘வாழ்க’, ‘வருக’ என்னும் வியங்கோள் வினைகள் இவ்விரண்டாம் வகையின் ஒரு பகுதியை நிறைவு செய்கின்றன. பிரெஞ்சிலோ இதற்கென்றே ‘சுப்ஜோங்க்திஃப்’ என்னும் முழு வினைவரிசை உண்டு. இக்கட்டுரையில் அதனை ‘உள்ளப்பாங்கு’ என்று வழங்குவோம்.

‘அவர் வர வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்னும் தொடரை ‘விரும்பினேன்’ என்று மாற்றினால், தமிழில் ‘வர’ என்னும் சொல் மாறுவதில்லை. செம்மைக்காலப் பிரெஞ்சில் அது மாறியே தீரவேண்டும். முதல் தொடரில் ‘வியென்’ என்று நிற்கும் வினை, இரண்டாம் தொடரில் ‘வேன்’ என்றாகிறது. விரும்பியது கடந்த காலத்தில் என்றால், விரும்பப்பட்ட செயலும் கடந்த காலத்திற்குரிய உள்ளப்பாங்கில் நிற்கவேண்டும் என்பது விதி. ‘அஞ்சினேன்’, ‘ஐயுற்றேன்’ போன்ற வினைகளுக்குப் பின்னும், ‘ஆயினும்’, ‘முன்னர்’, ‘பொருட்டு’ என்னும் பொருள்தரும் இணைப்புச் சொற்களுக்குப் பின்னும் இவ்விதியே செல்லும். இந்த இறந்தகால உள்ளப்பாங்கே நாம் ஆராயும் வடிவம்.

இலத்தீன் தந்த பேறு

இலத்தீன் பயின்றோர்க்கு ‘அமாரெம்’, ‘அமாவிஸ்ஸெம்’ என்னும் இரு வடிவங்கள் நினைவிருக்கும். முன்னது ‘அன்பு செய்வேனாயின்’ என்னும் கருத்தினது; பின்னது ‘அன்பு செய்திருப்பேனாயின்’ என்னும் கருத்தினது. மக்கள் வழக்கில் முன்னது பிற வடிவங்களோடு ஒலியால் ஒன்றிக் குழம்பி மறைந்தது. சார்தீனியத் தீவின் சில வட்டாரப் பேச்சுகளில் மட்டுமே அது எஞ்சியது. பின்னது ‘அமாஸ்ஸெம்’ என்று சுருங்கி, மறைந்ததன் இடத்தையும் தானே ஏற்றுக்கொண்டது. இத்தாலியம், பிரெஞ்சு ஆகியவற்றின் இறந்தகால உள்ளப்பாங்குகள் அந்த ஒரு தாயிடமிருந்தே வந்தவை.

பிரெஞ்சு இலக்கியத்தின் விடியற்காலத்திலேயே இவ்வடிவத்தைக் காண்கிறோம். மறைச்சாட்சியான புனித எயுலாலியாவைப் பற்றி ஏறத்தாழ 880ஆம் ஆண்டில் எழுதப்பட்ட சிறு பாடல், அம்மொழியில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இலக்கியப் படைப்பு. 1837இல் வலான்சியேன் நகர நூலகத்தில் அது கண்டெடுக்கப்பட்டது. கன்னிமையை இழப்பதைவிடத் துன்பம் ஏற்பதையே அவள் விரும்பினாள் என்னுமிடத்திலும், கிறிஸ்து நம்மீது இரக்கம் கொள்ளுமாறு வேண்டுமிடத்திலும் இவ்வினையே ஆளப்பட்டுள்ளது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இது கற்றோரின் அணிகலனாக இருக்கவில்லை. எளிய மக்கள் கேட்டு உணர்ந்த சொல்லாகவே இருந்தது.

இடைக்காலத்தில் அதன் ஆட்சி மேலும் விரிந்தது. ‘நான் அரசனாக இருந்தால் இதைச் செய்வேன்’ என்பது போன்ற நடவாத நிபந்தனைத் தொடர்களில், பழைய பிரெஞ்சு இருபுறமும் இவ்வடிவத்தையே வைத்தது. பின்னர் அவ்விடத்தை வேறு வினைகள் கைப்பற்றின. அதுவே அதன் முதல் இழப்பு.

அமைப்பின் எளிமை

இவ்வடிவத்தைக் கடினமானது என்று மாணவர் அஞ்சுவதுண்டு. உண்மையில் பிரெஞ்சு வினையியலில் இதனினும் ஒழுங்கானது அரிது. கதைகளிலும் வரலாற்று நூல்களிலும் வரும் வரலாற்று இறந்தகாலம் ஒன்று உண்டு. அதன் முன்னிலை ஒருமையை எடுத்து, ஈற்றில் சகர ஒலி வருமாறு விகுதி சேர்த்தால் போதும். பாடுதல் என்னும் வினையில் ‘ஷான்தா’ என்பது ‘ஷான்தாஸ்’ ஆகும். முடித்தலில் ‘ஃபினி’ என்பது ‘ஃபினிஸ்’ ஆகும். இருத்தலில் ‘ஃபு’ என்பது ‘ஃபுஸ்’ ஆகும். வருதலில் ‘வேன்’ என்பது ‘வேன்ஸ்’ ஆகும். எவ்வளவு ஒழுங்கற்ற வினையாயினும் இதற்கு விலக்கில்லை.

படர்க்கை ஒருமை மட்டும் தனித்து நிற்கிறது. பண்டு அதன் ஈற்றில் சகரமும் தகரமும் சேர்ந்து எழுதப்பட்டன. சகரம் நாவிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், பிரெஞ்சுக் கழகம் தன் அகராதியின் மூன்றாம் பதிப்பில், 1740இல், அதனை நீக்கி உயிரெழுத்தின் தலைமேல் கூரை போன்ற குறியை இட்டது. இன்று ‘அவர் பாடினார்’ என்னும் வரலாற்று இறந்தகாலமும், ‘அவர் பாட’ என்னும் உள்ளப்பாங்கும் காதுக்கு ஒன்றே. கண்ணுக்கு மட்டும் அக்கூரை வேறுபாட்டைக் காட்டுகிறது.

அரசவையும் சமையலறையும்

1635இல் ரிஷெலியு கர்தினால் பிரெஞ்சுக் கழகத்தை நிறுவினார். அக்கழகத்தைச் சேர்ந்த வோழ்லா 1647இல் வெளியிட்ட நூலில், அரசவையினருள் சிறந்தோர் பேசும் முறையே நல்வழக்கு என்று வரையறுத்தார். அதுமுதல் இலக்கணம் குலச்சிறப்பின் அளவுகோலாகவும் ஆகத் தொடங்கியது. மோலியேர் இதனைக் கூர்ந்து கண்டார். 1672இல் அரங்கேறிய ‘கற்ற மகளிர்’ நாடகத்தில் மார்த்தீன் என்னும் சமையற்காரி வேலையினின்று விலக்கப்படுகிறாள். அவள் திருடவில்லை, வோழ்லாவின் இலக்கணத்திற்கு மாறாகப் பேசிவிட்டாள். அவளது பிழை நாம் ஆராயும் வினையைச் சார்ந்ததன்று. எனினும் அவ்வினைக்குப் பின்னாளில் நேரவிருந்த கதியை அக்காட்சி முன்கூட்டியே காட்டுகிறது.

அக்காலத்தில் இவ்வடிவம் நுண்பொருள் தரும் கருவியாகவும் விளங்கியது. ராசீன் 1667இல் இயற்றிய ‘அந்த்ரோமாக்’ நாடகத்தில் தலைவி தன் மகனைப் பற்றிப் பேசுமிடம் ஒன்றை இலக்கணத்தார் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். ‘அஞ்சுகிறார்கள்’ என்று முதன்மை வினை நிகழ்காலத்தில் நிற்க, அதைச் சார்ந்த வினை இறந்தகால உள்ளப்பாங்கில் வருகிறது. ‘பிள்ளை உயிரோடு விடப்பட்டால்’ என்னும் நிபந்தனை ஒன்று அதனுள் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. மகனின் உயிரைப் பற்றிய தாயின் கலக்கம் முழுவதையும் ஒரு விகுதி சுமக்கிறது. இவ்வடிவம் மறைந்ததால் இழப்பேதும் இல்லை என்போர் இதனைக் கருதிப் பார்க்கவேண்டும்.

மறைவின் காரணங்கள்

மறைவுக்கு முதற்காரணம், அது ஊன்றி நின்ற அடிமரமே சாய்ந்ததுதான். வரலாற்று இறந்தகாலத்தைக் கடந்த இரவுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளுக்கு உரியதாகவும், துணைவினை சேர்ந்த இறந்தகாலத்தை அன்றைய நிகழ்ச்சிகளுக்கு உரியதாகவும் 17ஆம் நூற்றாண்டு இலக்கணத்தார் பிரித்தனர். மக்களோ பின்னதையே எல்லாவற்றுக்கும் ஆளத் தொடங்கினர். வரலாற்று இறந்தகாலம் பேச்சில் தேய்ந்தபோது, அதிலிருந்து பிறந்த உள்ளப்பாங்கும் அயன்மை அடைந்தது.

இரண்டாவது காரணம் ஓசை. ‘ஆஸ்’ என்னும் ஈறு பிரெஞ்சில் இழிவுப்பொருள் தரும் பல சொற்களின் ஈறாகவும் உள்ளது. ஆற்றலைக் குறிக்கும் வினையின் ‘புஸ்’ என்னும் வடிவம் தெள்ளுப்பூச்சியின் பெயரோடு ஒலியால் ஒன்றுபடுகிறது. நகைச்சுவையாளர் இதனை விட்டுவைக்கவில்லை. ஆல்போன்ஸ் அலே (1854–1905) பெயரில் வழங்கும் காதற் புலம்பல் ஒன்று, இவ்வடிவங்களை அடுக்கியே வாசகரை நகைக்க வைக்கிறது.

மூன்றாவது காரணமே நெஞ்சை உறுத்துவது. ழூல் ஃபெர்ரியின் சட்டங்கள் 1881இலும் 1882இலும் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. அது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பள்ளிகளில் தென்னாட்டு ஒக்சித்தானிய மொழியைப் பேசிய குழந்தைகள் அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அவமானத்தின் அடையாளமாக ஒரு பொருளைச் சுமக்கச் செய்ததும் உண்டு. அவர்களது தாய்மொழியில் இறந்தகால உள்ளப்பாங்கு அன்றாடம் உயிரோடு வழங்கியது. அவர்களுக்கு நல்ல மொழி என்று கற்பிக்கப்பட்ட பிரெஞ்சிலோ அது பேச்சிலிருந்து போய்விட்டிருந்தது. உயிருள்ளதை வாயினின்று பறித்து, உயிர் நீங்கியதைத் தேர்வுத்தாளில் கேட்ட முரண்பாடு இது.

ஆணையும் வழக்கும்

அரசும் இறுதியில் வழக்கை ஏற்றது. கல்வி அமைச்சர் ழோர்ழ் லெய்கின் 1901 பிப்ரவரி 26 ஆணை, நிபந்தனை வினையைச் சார்ந்த தொடர்களில் இறந்தகால உள்ளப்பாங்கிற்கு மாற்றாக நிகழ்கால வடிவத்தை எழுதுவோர்க்குத் தேர்வில் குறை சொல்லலாகாது என்றது. 1976 டிசம்பர் 28 ஆணை அச்சலுகையை இறந்தகால வினைகளுக்கும் விரித்தது. இடையே 1922இல் மொழியறிஞர் ஃபெர்தினான் புருனோ, முதன்மை வினையின் காலம் சார்ந்த வினையின் காலத்தை இயந்திரம்போல் ஆள்வதில்லை. பொருளே அதனை முடிவு செய்கிறது என்று வலியுறுத்தினார். ஆணைகள் இவ்வடிவத்தைக் கொல்லவில்லை. மக்கள் முன்னரே கைவிட்டதை அவை பதிவு செய்தன, அவ்வளவே.

எனினும் அது முற்றும் மறைந்துவிடவில்லை. இலக்கிய உரைநடையில், குறிப்பாகப் படர்க்கை ஒருமையில், இன்றும் அது காணப்படுகிறது. ‘ஆயினும் ஆகுக’ போன்ற பொருள்தரும் சில மரபுத்தொடர்களில் உறைந்து நிற்கிறது. 1990இன் எழுத்துத் திருத்தம் இகர, உகரங்களின்மேல் இருந்த கூரைக்குறியைப் பல சொற்களில் நீக்கியபோதும், இவ்வினையின் கூரையைத் தொடாமல் விட்டது. நிகழ்கால உள்ளப்பாங்கோ வலிமையோடு வாழ்கிறது. ஆண்டவர் கற்பித்த செபத்தின் பிரெஞ்சு வடிவில், இறைவனின் பெயரையும் ஆட்சியையும் திருவுளத்தையும் குறித்த மன்றாட்டுகள் அவ்வடிவிலேயே அமைந்துள்ளன.

ஆகவே பிரெஞ்சு மக்கள் விரும்பவும் அஞ்சவும் மறந்துவிடவில்லை. அவற்றை உரைக்கும் வழிகளுள் ஒன்றையே விட்டுவிட்டார்கள். அவ்வழியை அறியாதவர் ராசீனின் தாயுள்ளத்தை முழுமையாகக் கேட்க இயலாது. ஆதலின் அதனைக் கற்பது நலம். கற்றதைக் கொண்டு மார்த்தீன்களைச் சமையலறையினின்று துரத்துவதோ அந்தக் கல்விக்கே இழுக்கு. எயுலாலியாவின் பாடலை முதன்முதல் கேட்டவர்களும் இலக்கணம் பயின்றவர்கள் அல்லர் என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.