காக்கைக்குப் போகாத ஓடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் கனகம்மாசத்திரம் கடைத்தெருவில் இறால் வாங்கினால் உரித்தே கொடுப்பார்கள். இறால் விற்கும் அக்கா தலையைத் திருகிப் போட்டு, வயிற்றுப் பக்கம் கட்டைவிரலை விட்டு ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை உருவிவிட்டுச் சதையைத் தட்டில் போடுவார். ஒரு கிலோவில் ஏறக்குறைய பாதி அவர் காலடியிலேயே தங்கிவிடும். "இதெல்லாம் எதுக்காவது ஆவுமாக்கா?" என்று கேட்டேன். "காக்காய்க்கு ஆவும்" என்றார்.

காக்கைக்குப் போகாத ஓடும் உண்டு. அதன் கதை குளத்தில் தொடங்குகிறது. இப்போது பண்ணைகளில் பெரும்பாலும் வளர்வது வனாமி இறால். மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரைதான் அதன் பூர்வீகம். 2009இல் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் தனியே வைத்துச் சோதிக்கிறார்கள். இறாலின் உடம்பு வளரும், ஓடு வளராது. அதனால் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, சற்றுப் பெரிதாகப் புதியதைச் செய்துகொள்கிறது. வாழ்நாள் முழுக்க இதே வேலை.

ஏற்றுமதி ஆலையில் உரிக்கும்போது ஓடு டன் கணக்கில் சேர்கிறது. சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும் என்பதால் சீக்கிரமே கழுவியாக வேண்டும். அடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஓட்டுக்கு விறைப்புத் தரும் சுண்ணாம்புச் சத்து நுரைத்துக் கரைந்து போகிறது. பிறகு காஸ்டிக் சோடா, அது புரதத்தை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது வெளிறிய, மணமில்லாத சருகு. இதுதான் கைட்டின். 1811இல் பிரெஞ்சுக்காரர் பிராகோனோ இதை முதலில் கண்டது கடலில் அல்ல, காளானில்.

கைட்டின் தண்ணீரில் கரையாது, லேசில் எதற்கும் மசியாது. அடர்ந்த காஸ்டிக் சோடாவில் போட்டுச் சூடேற்றினால்தான் வழிக்கு வந்து கைட்டோசானாகும். அது வினிகர் போன்ற மெல்லிய அமிலத்திலேயே கரைந்துவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் பல ஆண்டுகளாக இந்த வழிமுறைகளில் உழைத்திருக்கிறது.

கரைத்த கைட்டோசானை உறையவைத்து உலர்த்தினால் பஞ்சுபோல ஆகிறது. அதன் மூலக்கூறில் நேர்மின்னேற்றம், ரத்தச் சிவப்பணுவின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம். காயத்தில் வைத்து அழுத்தினால் அணுக்கள் வந்து ஒட்டி ஒரு பசையாகி வாயை அடைக்கின்றன. உடம்பு தன் வழக்கமான உறைதல் வேலையை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இறால் ஓட்டு கைட்டோசானில் செய்த கட்டுக்கு அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது. ஆப்கானிஸ்தான், இராக் போர்களில் சிப்பாய்கள் அதைக் கொண்டுபோனார்கள். நம் நாட்டில் அகமதாபாத்தின் ஆக்சியோ நிறுவனம் 'ஆக்சியோஸ்டாட்' என்ற பெயரில் செய்கிறது. காயத்தோடு கவ்விக்கொள்ளும் கட்டு, உப்புநீர் விட்டு நனைத்தால் புண்ணைக் கிழிக்காமல் விட்டுவிடும்.

எங்கள் ஊர் சென்னை–திருப்பதி சாலையில் இருக்கிறது. இந்தச் சாலையில் அடிபட்டவருக்கு ரத்தம் நிற்பது நிமிடக் கணக்கு. ஓட்டுக்கோ மணிக் கணக்கு. உரித்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஐஸும் ஆலையும் இருந்தால் அது மருந்து. கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்து, வெயிலில் ஒரு கூடை அளவே சேர்ந்தால் குப்பை. பொருள் ஒன்றுதான்.

போன வாரம் இறாலின் தலைமுள் அக்காவின் விரலில் ஏறிவிட்டது. கிழிந்த சேலைத் துணியில் மஞ்சள்தூள் வைத்து இறுகச் சுற்றிக்கொண்டார். அடுத்த கையால் ஓட்டுக் குவியலைச் சாக்கடைப் பக்கம் தள்ளினார். காக்கைகள் இறங்கின.