ஆசிய நாடுகளின் அமைதிவழி அணு ஒத்துழைப்பும் விழுப்புரம் வட்டாரமும்

ஆசியாவிலும் பசிபிக் வட்டாரத்திலும் உள்ள நாடுகள் அணு அறிவியலை உழவு, மருத்துவம், நீர்வளம், தொழில் ஆகியவற்றில் பயன்படுத்துவதற்காகச் சேர்ந்து ஆராயவும், ஒருவருக்கொருவர் பயிற்சி அளிக்கவும் செய்துகொண்ட ஏற்பாடு வட்டாரக் கூட்டுறவு ஒப்பந்தம். சுருக்கமாக ஆர்.சி.ஏ. என்பார்கள். வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் ஆதரவில் 1972 ஜூன் 12 அன்று இது நடைமுறைக்கு வந்தது. இந்தியா தொடக்க கால உறுப்பினர். இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா உட்பட இன்று 22 நாடுகள் இதில் உள்ளன. அணு என்றதும் நம் நினைவுக்கு வருவது உலையும் மின்சாரமும்தான். இந்த ஒப்பந்தத்தின் பெரும்பகுதி வேலை நடப்பதோ விதையிலும் தண்ணீரிலும் புற்றுநோய் மருத்துவத்திலும். அதனால்தான் மல்லாட்டையும் (நிலக்கடலை) நெல்லும் விளையும் விழுப்புரம், திண்டிவனம் பகுதியிலிருந்து பார்த்தால் இதன் மதிப்பு நன்றாகப் புலப்படுகிறது.

ஒப்பந்தத்துக்கு முன்னோடி, 1960களின் நடுப்பகுதியில் இந்தியாவும் பிலிப்பைன்ஸும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து நடத்திய முத்தரப்புத் திட்டம். படிகப் பொருள்களின் உள்ளமைப்பை நியூட்ரான் கதிர்களால் ஆராயும் நிறமாலைமானி ஒன்றை இந்தியா கொடுத்தது. மணிலாவை அடுத்த பிலிப்பைன்ஸ் அணு ஆராய்ச்சி மையத்தில் அதை நிறுவி, அண்டை நாட்டு இளம் விஞ்ஞானிகளுக்கும் அங்கேயே பயிற்சி தந்தார்கள். இந்தியாவில் இந்த நியூட்ரான் ஆராய்ச்சியை மும்பை டிராம்பேயில் முன்னின்று வளர்த்த பி. கே. ஐயங்கார் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். அந்த டிராம்பேயில்தான் ஆசியாவின் முதல் அணு உலைகளில் ஒன்றான அப்சரா 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கியது. பத்தாண்டு கழிவதற்குள் இந்தியா இன்னொரு ஆசிய நாட்டுக்குக் கருவியும் ஆசிரியரும் அனுப்பும் நிலைக்கு வந்திருந்தது. பணக்கார நாடு கொடுக்க ஏழை நாடு கைநீட்டி வாங்கும் முறைக்கு மாறாக, அக்கம்பக்கத்தார் கைமாற்றிக்கொள்ளும் முறை இந்த முத்தரப்புத் திட்டத்தில் உருவானது. ஆர்.சி.ஏ.வின் நடைமுறை இன்றும் அதுதான்: ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு நாடு தலைமையேற்கும், மற்றவை ஆளும் இடமும் ஆய்வகமும் தரும். இந்தியாவும் பாகிஸ்தானும் அருகருகே உட்கார்ந்து வேலை செய்யும் மன்றங்கள் உலகில் மிகச் சில. அவற்றில் இதுவும் ஒன்று.

விழுப்புரம் வட்டாரத்துக்கு இதனோடு உள்ள உறவு நேரடியானதல்ல. மல்லாட்டை வழியாக வருவது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்கு டி.எம்.வி. என்பது முத்திரை. 1940இல் வெளியான டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்து நிலக்கடலையிலிருந்து பொறுக்கியெடுத்த ரகம். 105 நாள் அளவில் விளைந்துவிடும் இந்தக் கொத்து ரகம் அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்தைத் தாண்டி ஆந்திரம், கர்நாடகம் வரை பரவி, தலைமுறைகள் கடந்தும் விதைக்கப்பட்டது. இதைச் சடுதி மாற்றத்துக்கு (மரபுப் பண்பில் திடீரென நேரும் மாறுதல்) உள்ளாக்கிப் பெற்ற குறுகிய இலைச் செடி, நிலக்கடலையின் மரபணு வரைபடம் தயாரிக்கும் ஆய்வுகளில் ஒரு பெற்றோராகப் பயன்பட்டிருக்கிறது. அந்த மாற்றத்தை வரவழைத்தது கதிர் அல்ல, வேதிப்பொருள்.

கதிர்வீச்சால் சடுதி மாற்றம் வரவழைக்கும் வழியை நிலக்கடலையில் பிடிவாதமாகத் தொடர்ந்தது டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம். ஸ்பானிஷ் இம்ப்ரூவ்டு என்ற ரகத்தின் உலர்ந்த விதைகளை எக்ஸ் கதிரில் வைத்துப் பெற்ற பெரும்பருப்பு ரகம் டி.ஜி. 1, 1973இல் ‘விக்ரம்’ என்ற பெயரில் வெளியானது. அந்த வழியில் வந்த டி.ஏ.ஜி. 24 இந்தியா முழுதும் பரவியது. செய்முறை எளிது, பொறுமைதான் பெரிது. நல்ல விதையைப் பொறுக்கிக் கோபால்ட்-60 வைத்த காமா அறையில் குறித்த அளவுக்குக் கதிரில் காட்டுவார்கள். விதைத்த முதல் தலைமுறையில் பல விதைகள் முளைக்காது, முளைத்தவற்றில் சில குட்டையாகும், சில மலடாகும். ஒவ்வொரு செடியின் காயையும் தனித்தனியே எடுத்து, அடுத்த பட்டத்தில் செடிக்கு ஒரு வரிசையாக விதைப்பார்கள். மாற்றம் கண்ணில் படுவது இந்த இரண்டாம் தலைமுறையில்தான். ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு பயனுள்ளதாக இருந்தால் பெரிது. அதை நிலைப்படுத்தி ரகமாக்க மேலும் பல ஆண்டுகள் பிடிக்கும். காமா கதிர் பட்ட விதை கதிரியக்கப் பொருளாக மாறிவிடுவதில்லை. அதில் விளைந்த கடலையை அச்சமில்லாமல் உண்ணலாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கிராமங்களில் இந்த ஐயம் இன்னும் தீரவில்லை.

இந்த முயற்சி எதற்கு என்று கேட்பவர், பறிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்திருக்க வேண்டும். கொத்து ரகத்தின் விதைக்கு உறக்கம் கிடையாது. முற்றிய காய் ஈரமண்ணில் நான்கு நாள் கிடந்தால் செடியோடேயே முளைவிடும். எண்ணெய்க்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. டிராம்பே வரிசையில் வந்த டி.ஜி. 26 போன்ற ரகங்களில் ஏறக்குறைய 20 நாள் விதை உறக்கத்தைச் சேர்த்தது இந்த இழப்பைத் தடுக்கத்தான். தமிழ்நாட்டில் வேறு பயிர்களிலும் இந்த முறை பலன் தந்திருக்கிறது: எக்ஸ் கதிர் வழி பிறந்த எம்.சி.யு. 7 பருத்தி, நெல் தரிசு நிலத்துக்கு ஏற்றதாக 1970களின் தொடக்கத்தில் வந்தது.

இதே வேலை ஆசியாவெங்கும் நடந்தது. பாகிஸ்தானின் பைசலாபாதில் உருவான நயாப் 78 பருத்தி, வியட்நாமின் டி.டி. 84 சோயா, வங்கதேசத்தின் மைமன்சிங்கிலுள்ள பினா நிறுவனத்தின் நெல், நிலக்கடலை ரகங்கள் எல்லாம் சடுதி மாற்ற முறையின் பிள்ளைகள். அனுபவத்தையும் பயிற்சியையும் பரிமாறிக்கொள்ள ஆர்.சி.ஏ. களம் அமைத்தது.

நீர்வளத்தில் இந்தத் தொழில்நுட்பம் விழுப்புரம் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. மரக்காணம் உப்பளங்கள், கழுவேலி ஏரி, வானூரின் மணற்பாறை அடுக்குகள் ஆகியவை ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் கடலோரம் இது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக்கரித்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்: அளவுக்கு மீறி இறைத்ததால் இன்றைய கடல்நீர் உள்ளே வந்திருக்கலாம், அல்லது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறியிருந்தபோது தங்கிப்போன பழைய உப்பாக இருக்கலாம். முதலாவதற்கு இறைப்பைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு அதனால் பயனில்லை, வேறிடத்தில்தான் கிணறு தோண்ட வேண்டும். வேறுபாட்டைக் காட்ட ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) உதவுகின்றன. 12.3 ஆண்டு அரை ஆயுள் கொண்ட டிரிட்டியம் இருந்தால் அண்மை மழைநீர் கலந்திருக்கிறது என்று பொருள். 5,730 ஆண்டு அரை ஆயுள் கொண்ட கரிமம்-14 பழைய நீரின் வயதைக் காட்டும். ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. எஸ். சுகிஜா குழுவினர் காரைக்கால், தஞ்சாவூர்ப் பகுதிக் கடலோர நீரில் பழைய கடலுப்பையும் புதிய கடலுப்பையும் கரிமம்-14 உள்ளிட்ட முறைகளால் பிரித்தறிந்து 1996இல் வெளியிட்டார்கள். நிலத்தடி நீர் ஐசோடோப்பு ஆய்வு ஆர்.சி.ஏ. நாடுகளின் கூட்டுத் திட்டங்களிலும் இடம்பெற்ற பொருளே.

மருத்துவத்தில் குறிப்பிடத்தக்கது பாபாட்ரான். இந்தியா வடிவமைத்த இந்தக் கோபால்ட் சிகிச்சைக் கருவி ஒன்று, சர்வதேச அணுசக்தி முகமை வழியாக வியட்நாமின் கான்தோ நகரப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நன்கொடையாகச் சென்று, 2010இல் பயன்பாட்டுக்கு வந்தது. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. கதிர் மூலத்தை அவ்வப்போது மாற்றாவிட்டால் ஒவ்வொரு நோயாளியும் கருவியின் கீழ் கிடக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். கருவியைக் கொடுப்பதோடு உதவி முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆர்.சி.ஏ.வுக்கு வெளியே இந்தியா அண்டை நாடுகளோடு தனித்தனி ஒப்பந்தங்களும் செய்திருக்கிறது: 2015 பிப்ரவரியில் இலங்கையோடு, 2017இல் வங்கதேசத்தோடு. ரூப்பூர் அணுமின் நிலையப் பணிக்காக ரஷ்யா, வங்கதேசம், இந்தியா மூன்றும் 2018இல் ஒரு முத்தரப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜப்பான் முன்னின்று 2000 முதல் நடத்தும் ஆசிய அணு ஒத்துழைப்பு மன்றத்தில் வங்கதேசம் உண்டு, இந்தியா இல்லை. வெளிநாட்டு ஒத்துழைப்புக்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு: விழுப்புரத்துக்கு அருகிலுள்ள அணு வளாகமான கல்பாக்கம், மரக்காணத்திலிருந்து சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அங்கே 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையும் பிரான்சோடு செய்துகொண்ட ஒத்துழைப்பில் பிறந்ததுதான்.

அரை நூற்றாண்டில் இந்தக் கூட்டுறவின் பலன் வரப்புவரை வந்துசேர்ந்தது விதை வழியாகத்தான். அடுத்து வர வேண்டியது தண்ணீர். மரக்காணம், வானூர் கடலோரக் கிணறுகளை முறையாக ஐசோடோப்புச் சோதனைக்கு உட்படுத்தி, எந்த ஊரில் எந்த உப்பு என்று உழவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கும்படி மாவட்ட நிர்வாகமும் வேளாண் பல்கலைக்கழகமும் அணுசக்தித் துறையைக் கேட்க வேண்டும்.