அதிகாரப் பிரிவினை: அமெரிக்க அரசியலமைப்பு விவாதம் (1787–1789)

அதிகாரப் பிரிவினை என்பது சட்டம் இயற்றுதல், அதை நிறைவேற்றுதல், அதன்படி வழக்குகளைத் தீர்த்தல் ஆகிய மூன்று பணிகளும் ஒரே கையில் சேராதவாறு அவற்றைத் தனித்தனித் துறைகளிடம் ஒப்படைக்கும் கோட்பாடாகும். பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூலின் வழியாக அமெரிக்கர்களிடையே இக்கோட்பாடு ஆழ வேரூன்றியிருந்தமையால், 1787இல் பிலடெல்பியா மாநாடு வரைந்த அரசியலமைப்பை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இதை ஒருங்கே ஏற்றனர். பிரிவினை எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதிலேயே மாறுபட்டனர்.

நடுவணரசு அளவுக்கு மீறி வலுப்பெறும் என்று அஞ்சிய எதிர்ப்பாளர்கள், புதிய அமைப்பில் துறைகள் ஒன்றோடொன்று கலந்திருப்பதையே பெருங்குறையாகக் கண்டனர். சட்டம் இயற்றும் செனட் அவை, குடியரசுத் தலைவர் செய்யும் உயர் நியமனங்களுக்கு ஒப்புதல் அளிப்பதோடு, அதே அதிகாரிகள்மீது பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்டினால் நீதிமன்றமாகவும் அமர்கிறது. துணைக் குடியரசுத் தலைவரோ அந்த அவைக்குத் தலைமை தாங்கி, வாக்குகள் சமமாகும்போது தாமும் வாக்களிக்கிறார். மாநாட்டின் இறுதிவரை இருந்தும் கையொப்பமிட மறுத்த மூவருள் ஒருவரான ஜார்ஜ் மேசன் இக்கலப்பை வன்மையாகக் கண்டித்தார். எளிதில் தள்ளத்தக்க கண்டனம் அன்று இது.

ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவரும் 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளுள் 47ஆவதில், மேடிசன் இதற்கு விடையளித்தார். ஒரு துறையின் முழு அதிகாரத்தையும் உடையவர் மற்றொரு துறையின் முழு அதிகாரத்தையும் கைக்கொள்ளக் கூடாது என்பதே மாண்டெஸ்கியூவின் கருத்து என்றும், ஓரளவு கலப்பை அவர் விலக்கவில்லை என்றும் அவர் வாதிட்டார். ஆயினும் அவரது வாதத்தின் உண்மையான வலிமை நூல் விளக்கத்தில் இல்லை, பட்டறிவிலேயே இருந்தது. ஒரே அவையைக் கொண்டிருந்த பென்சில்வேனியாவின் 1776ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வரம்புமீறல்களை ஆராய ஒரு தணிக்கை மன்றத்தை ஏற்படுத்தியிருந்தது. 1783–84இல் கூடிய அம்மன்றம், சட்டமன்றம் நடுவர் குழு விசாரணை உரிமையை மீறியதையும், நிலையாக இருக்க வேண்டிய நீதிபதிகளின் ஊதியத்தை மாற்றியதையும், நீதிமன்றத்துக்குரிய வழக்குகளைத் தன்னிடம் இழுத்துக்கொண்டதையும் கண்டறிந்தது. எல்லைகளை ஏட்டில் எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதனை 48ஆம் கட்டுரையில் சான்றாக்கிய மேடிசன், ஒவ்வொரு துறைக்கும் தன்னைக் காத்துக்கொள்ளும் கருவியும் அதற்கான தன்னல வேட்கையும் வேண்டும் என்று 51ஆவதில் வற்புறுத்தினார். இரு அவைகளின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மட்டுமே வெல்லத்தக்க குடியரசுத் தலைவரின் மறுப்பதிகாரம் அத்தகைய கருவியாகும்.

நீதித்துறை பற்றிய விவாதத்தில் 'புரூட்டஸ்' என்னும் புனைபெயரில் எழுதியவர், நன்னடத்தை உள்ளவரை பதவி வகிக்கும் நீதிபதிகளைத் திருத்த மேலே எந்த அதிகாரமும் இல்லாமையால் அவர்களே அரசியலமைப்பின் பொருளை முடிவுசெய்வர் என்று எச்சரித்தார். படையும் கருவூலமும் இல்லாத நீதித்துறையே மூன்றிலும் வலிமை குன்றியது என்று 78ஆம் கட்டுரையில் ஹாமில்டன் மறுத்தார். பிந்தைய வரலாற்றை நோக்கும்போது புரூட்டஸின் தொலைநோக்கே மேலோங்கி நிற்கிறது.

1788 ஜூன் 21இல் ஒன்பதாவது மாநிலமாக நியூ ஹாம்ப்ஷயர் ஏற்றதும் அரசியலமைப்பு உறுதிபெற்றது. ஒரு துறை மற்றொன்றின் அதிகாரத்தைச் செலுத்தலாகாது என்று வெளிப்படையாகக் கூறும் திருத்தம் ஒன்றை 1789இல் மேடிசனே முன்மொழிந்தார். பிரதிநிதிகள் அவை அதை ஏற்க, செனட் நிராகரித்தது.